ஐந்தாவது வரி

முன்னட்டையின் உட்பக்கம் நீல முத்திரை:
பெயர், வகுப்பு, ஆண்டு, புத்தகத்தின் நிலை.
மெர்லே ஹியூட்டமான், பத்து பி, புதியது.
தைலான் ஓஸ்பெக், பத்து சி, நல்லது.
யோனா விட்கோவ்ஸ்கி, பத்து ஏ, பரவாயில்லை.
நாலாவது பெயரில் தேநீர் விழுந்திருக்கிறது.
ஐந்தாவது வரி எனக்கு.
சாருகா சிவபாத வரைக்கும்தான்
பெட்டிக்குள் இடம் இருந்தது;
சுந்தரம் ஓரத்தால் இறங்கி
ஆண்டின் இடத்தில் போய் இருந்துகொண்டது.

வுப்பர்டாலில் பள்ளிக்கூடம் கடனாய்த் தருகிற
பௌதிகவியல் சூத்திரப் புத்தகம்.
கைபேசியில் ஒரு செயலியும் வைத்திருக்கிறேன்,
கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும்
நாலு தரத்தில் ஒரு தரம்
பட்டாசு கொளுத்திக் கெட்டிக்காரி என்கும்.
புத்தகம் யாரையும் புகழாது.
ஆனால் அதன் ஓரங்களில்
யாரோ பென்சிலால் பேசுகிறார்கள்.

மின்னழுத்தம்.
வீட்டில் அப்பாவின் சொல் அமுக்குகிறது,
வகுப்பில் அதற்கான ஜெர்மன் சொல்
ஷ்பானுங், இழுக்கிறது.
இழுப்பா அமுக்கா என்று இரண்டு நாள் நித்திரையில்லை.
ஓரத்தில் பென்சில்:
தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் என்று நினை.
நினைத்தேன். நித்திரை வந்தது.

அதே கைதான்
முப்பத்தொன்றாம் பக்கத்தில்
கழித்தல் வரவேண்டிய இடத்தில் கூட்டல் போட்டிருந்தது.
நம்பி எழுதினேன்.
சோதனைத்தாளில் நான் மேலே எறிந்த பந்து
இன்னும் கீழே வரவில்லை.
நாலு புள்ளி.
ஆத்திரத்தோடு திரும்பிப் பார்த்தால்
அடியில், நீல மையில், வேறொரு கை:
எனக்கும் போனது.

நாற்பத்துநாலில் வட்ட இயக்கம்.
மறுபடி பென்சில்:
நூலில் ஒரு பாரம் கட்டிப் பிடித்துப் பார்த்தேன்.
பேருந்து திரும்பும்போது நூல் சாய்ந்தது.
சோன்போர்ன் வளைவில், தொங்குரயிலில், சாயவில்லை.
ஏன்?
அதற்குப் பிறகு வெறும் தாள்.

செவ்வாய், ஏழாம் பாடம், உதவி வகுப்பு.
அன்று வந்தது நானும் டிமோனும் மட்டும்.
முடிந்த கையோடு ரயிலேறி
அம்மாவின் தையல் நூலில் அழிறப்பரைக் கட்டினேன்.
டிமோன் பூசணி விதை கொறித்தபடி
கைபேசியை உயர்த்திப் பிடித்தான்.
ஒரு நாய் அழிறப்பரையே பார்த்தது,
நாயின் சொந்தக்காரர் எங்களைப் பார்த்தார்.
ஆற்றை விட்டு ரயில் திரும்பியது.
கால் உணர்ந்தது, வயிறு உணர்ந்தது,
நூல் மட்டும் தரைக்கு நேர்குத்தாய்,
ஒரு பாகைகூட அசையாமல்.
நான் நூலை முறைத்துக்கொண்டிருந்தேன்.
டிமோன்தான் விதையை விழுங்கிவிட்டு
வெளியே பார் என்றான்.

வீடுகள் சாய்ந்திருந்தன.
வெதுப்பகம், அதன் பெயர்ப்பலகை, போக்குவரத்து விளக்கு,
மூன்றாம் மாடி பல்கனியில் காயப்போட்ட மஞ்சள் துவாய்,
அதுவும் சாய்வாய்த் தொங்கியது.
ஒரு நொடி. பிறகு எல்லாம் நிமிர்ந்துகொண்டன.
நாய் கொட்டாவி விட்டது.

அன்றிரவு நாற்பத்துநாலில் எழுதினேன்:
பெட்டியும் ஒரு நூலில் தொங்குகிறது.
நீயும் அழிறப்பரும் ஒன்றாய்த்தான் சாய்கிறீர்கள்.
நூலை விட்டுவிட்டு யன்னலைப் பார்.
முப்பத்தொன்றில் கூட்டலை வெட்டிக் கழித்தல் போட்டேன்,
மையால், இரண்டு தரம் அழுத்தி.
நீலக் கைக்குக் கீழே: எனக்கும்.

அடுத்த சோதனையில் மூன்று.
போன தரம் ஐந்து.
தொலைபேசியில் ரொறன்ரோச் சித்தி
ஐந்து மூன்றாய்க் குறைந்ததற்கு
என்னைத் தேற்றத் தொடங்கினா.
இங்கே குறையக் குறைய நல்லது என்று
விளக்கி முடிக்கக் கால்மணி ஆனது.

யூனில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
எழுதிய பக்கங்களுக்குத் தண்டம் உண்டு.
அலுவலகத்துப் பெண் விரலை நனைத்துப் புரட்டினாள்,
முப்பத்தொன்றில் நின்றாள்,
என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
புரட்டினாள்.
சுந்தரத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில்
நிலை: பாவித்தது.